தீபாவளி டப்பாவில் சுடச்சுட பானம்!



தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். வெளியே ஐப்பசி அடைமழை. அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பலகார டப்பாவை எடுத்துத் திறந்து பாருங்கள். முழு லட்டு ஒன்றுகூட இருக்காது. முறுக்கெல்லாம் முதல் மூன்று நாளிலேயே காலி. அடியில் உடைந்த மைசூர் பாகு, ஓரம் பிய்ந்த அதிரசம், உதிர்ந்த பூந்தி, கல்லைப் போல இறுகிப்போன நாலைந்து உருண்டை. யாரும் அதைத் தொடுவதில்லை. டப்பாவைக் கழுவும் நாள் வரும்போது எல்லாம் குப்பைக்குப் போகும்.

போக விடாதீர்கள்! அந்த மிச்சத்துக்குள் வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் சூடான பானம் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னால், எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

புயல் அடித்த காலை

அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். 1977-ஆம் ஆண்டு, தீபாவளி கழிந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. நவம்பர் 12-ஆம் தேதி அதிகாலை, நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே பெரும் புயல் ஒன்று கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர் எல்லாம் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. மாவட்டத்தையே அந்தப் புயல் புரட்டிப் போட்டது. 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

விடிந்து பார்த்தால் எங்கள் தெருக்கோடியில் ஒரு கூரை வீடுகூட நிற்கவில்லை. எங்களுடையது ஓட்டு வீடு. பாதி ஓடு பறந்துவிட்டது. ஆனாலும் கூடம் மட்டும் நனையாமல் தப்பித்தது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகளை எண்ணினேன். என்னையும் சேர்த்து 17 பேர். எல்லாரும் தொப்பலாக நனைந்து, பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தோம்.

பத்தாயத்தில் நெல் இருந்தது. பானையில் கொஞ்சம் அரிசியும் இருந்தது. ஆனால் கொல்லையில் அடுக்கியிருந்த விறகு முழுவதும் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. நனையாமல் இருந்தது ஒரு குமுட்டி அடுப்பும் அரைக்கூடைக் கரியும்தான். அத்தனை பேருக்குச் சோறு பொங்க அது போதாது. வெந்நீர் வேண்டுமானால் வைக்கலாம்.

என் அப்பாயி பரணிலிருந்து தீபாவளி டின்னை இறக்கினார். 17 தலைகளும் எட்டிப் பார்த்தன. உள்ளே 9 அதிரசம், 6 பொருள்விளங்கா உருண்டை. மொத்தம் 15.

"ஆளுக்கு ஒண்ணு கொடுத்தா ரெண்டு பிள்ளைக்கு இல்லாமப் போயிடும். கரைச்சா எல்லாருக்கும் வரும்" என்றார் அப்பாயி.

எல்லாவற்றையும் உரலில் போட்டு இடித்தார். குண்டானில் வெந்நீர் தளதளவென்று கொதித்தது. அதில் சுக்கைத் தட்டிப் போட்டு, இடித்த பொடியைத் தூவிக் கிளறினார். கொஞ்ச நேரத்தில் கமகமவென்று ஏலக்காய் வாசனை. பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரை டம்ளர். பெரியவர்களுக்கும் இரண்டு வாய் கிடைத்தது. என் பக்கத்தில் இருந்த சின்னப் பெண் டம்ளரைக் கன்னத்தில் ஒட்டி வைத்துச் சூடு பார்த்துவிட்டுக் குடித்தாள். எங்கள் நடுக்கம் நின்றது.

அந்தக் கணக்கில் குறைந்த இரண்டு பலகாரம் எங்கே போனது தெரியுமா? என் புத்தகப் பெட்டியில் இருந்தது. புயலுக்கு முந்தின நாளே இரண்டு அதிரசத்தை எனக்கென்று எடுத்து ஒளித்து வைத்திருந்தேன். அன்று காலை வாயைத் திறந்து சொல்லவில்லை. பத்து நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது இரண்டின் மேலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் போட்டேன். அந்த இரண்டும் யாருக்கும் ஆகாமல் போயின.

பின்னாளில் வகுப்பில் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்தபோதெல்லாம் இந்த 15-ம் 17-ம் என் நினைவுக்கு வரும்.

மழையும் பலகாரமும்

நம் காவிரிப் பாசனப் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். தீபாவளியும் கார்த்திகைத் தீபமும் வருவது இந்த மாதங்களில்தான். புயல் வருவதும் இந்த மாதங்களில்தான். 2018-இல் தீபாவளி நவம்பர் 6-ஆம் தேதி வந்தது. பத்தே நாளில், நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்தது எல்லாம் கெட்டுப் போயிருக்கும். ஆனால் காற்றுப் புகாமல் மூடிய டப்பாவில் இருக்கும் அதிரசத்துக்கு மின்சாரம் தேவையில்லை.

அது ஏன் கெடுவதில்லை? உணவைக் கெடுக்கும் நுண்ணுயிரிகள் வளர வேண்டுமென்றால் அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். பாகில் இருக்கும் வெல்லமும் சர்க்கரையும் பலகாரத்தில் உள்ள தண்ணீரைத் தங்களோடு பிடித்து வைத்துக்கொள்ளும். நுண்ணுயிரிக்குக் கிடைக்காது. எண்ணெயில் வேகும்போது மீதி ஈரமும் வெளியேறிவிடும்.

அப்படியானால் என் பெட்டியில் இருந்த அதிரசம் மட்டும் ஏன் பூத்தது? வெல்லத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். புயல் மழையில் நனைந்த வீடு, சரியாக மூடாத பெட்டி. மேலே ஈரம் படிந்ததும் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்! ஆகவே டப்பாவை இறுக மூடுவதும், ஈரக் கையை உள்ளே விடாமல் இருப்பதும் முக்கியம்.

பொருள் விளங்கினால் போதும்

பொருள்விளங்கா உருண்டையைப் பார்த்திருக்கிறீர்களா? சில வீடுகளில் பொரிவிளங்காய் உருண்டை என்பார்கள். வறுத்த அரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை போன்றவற்றை மாவாக்கி, சுக்கும் ஏலக்காயும் சேர்த்து, வெல்லப்பாகில் பிடிப்பது. கடித்தால் பல் ஆடும். உள்ளே என்னென்ன பொருள் இருக்கிறது என்று விளங்காததால்தான் இந்தப் பெயர் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

நாம் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு பலகாரத்திலும் என்ன பொருள் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதிரசத்தில் அரிசி மாவும் வெல்லமும். மைசூர் பாகில் கடலை மாவு, சர்க்கரை, நெய். திரட்டுப்பாலும் பால்கோவாவும் சுண்டிய பால். பொருள் விளங்கிவிட்டால், அது என்ன பானமாகும் என்பதும் விளங்கிவிடும்.

இதற்கு ஒரு சின்ன விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்லம் என்றால் வெந்நீர். சர்க்கரை என்றால் பால்!

ஏன் தெரியுமா? வெல்லத்தில் சிறிது புளிப்புத் தன்மை உண்டு. கொதிக்கிற பாலில் அதைப் போட்டால் பால் திரிந்துவிடலாம். வெல்லப் பாயசம் வைக்கும்போது அம்மா அதை இறக்கி, சற்று ஆறிய பிறகு பால் ஊற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். சர்க்கரையில் செய்த பலகாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. தைரியமாகப் பாலில் கரைக்கலாம்.

ஏன் சூடாகவே செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை. இரண்டு கிண்ணங்களில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் வெந்நீரும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மைசூர் பாகைப் போட்டுப் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் நெய் உறைந்தபடியே இருக்கும். துண்டு கரைய நேரமாகும். வெந்நீரில் நெய் உருகி மேலே மிதக்கும். சர்க்கரை சீக்கிரம் கரையும். மாவு பிரிந்து வரும்.

ஐந்து பானங்கள்

அடுப்புப் பக்கம் தனியாகப் போகாதீர்கள். அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா யாராவது கூடவே இருக்கட்டும். உடைப்பது, பொடிப்பது, அளப்பது, கிளறுவது உங்கள் வேலை. கொதிக்க வைப்பதும் இறக்குவதும் அவர்கள் வேலை.

1. அதிரசக் கஞ்சி: ஓர் அதிரசத்தைக் கையால் நன்றாகப் பிய்த்துப் பொடியுங்கள். இரண்டு சிறு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுக்குப் பொடி போட்டுக் கொதிக்க வைத்து, அதிரசப் பொடியைச் சேர்த்து ஐந்து நிமிடம் கிளறுங்கள். அரிசி மாவு சூட்டில் உப்பித் தண்ணீரைக் குடிக்கும். பானம் கஞ்சி போலக் கெட்டியாகும். மேலே எண்ணெய் மிதந்தால் கரண்டியால் எடுத்துவிடலாம். பால் வேண்டுமென்றால் இறக்கி, சற்று ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

2. உருண்டைக் கஞ்சி: பொருள்விளங்கா உருண்டையைச் சுத்தமான துணியில் சுற்றி, அம்மிக் குழவியால் தட்டி உடையுங்கள். பிறகு உரலிலோ மிக்சியிலோ பொடியாக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டிப் பொடியை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். அரிசி, பருப்பு, சுக்கு எல்லாம் இதிலேயே இருப்பதால் வேறெதுவும் வேண்டாம். கிட்டத்தட்ட சத்துமாவுக் கஞ்சிதான்!

3. மைசூர் பாகுப் பால்: ஒரு துண்டு மைசூர் பாகை உதிர்த்து, ஒரு டம்ளர் சூடான பாலில் போட்டு, மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் கிளறுங்கள். லட்டு, உதிர்ந்த பூந்திக்கும் இதே முறைதான். பஞ்சாபில் குளிர்காலத்தில் சளி பிடித்தவர்களுக்குக் கடலை மாவை நெய்யில் வறுத்துப் பாலில் கரைத்துச் சூடாகக் கொடுப்பது வழக்கம். அதற்குச் 'சீரா' என்று பெயர். நம் மைசூர் பாகில் அந்தக் கடலை மாவும் நெய்யும் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் சேர்த்தால் மழை நாளுக்கு இதமாக இருக்கும்.

4. அசோகா பால்: திருவையாறு என்றதும் பெரியவர்களுக்குத் தியாகராஜர் ஆராதனை நினைவுக்கு வரும். பலகாரப் பிரியர்களுக்கு அசோகா நினைவுக்கு வரும்! பாசிப்பருப்பை வேகவைத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறிய அல்வா அது. மிஞ்சிய அசோகாவில் இரண்டு கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் சூடான பாலில் மத்தால் கடைந்தால் பருப்புப் பாயசம் போன்ற பானம் கிடைக்கும். பருப்பு ஏற்கெனவே வெந்திருப்பதால் ஒரு கொதி போதும். அசோகாவில் ஈரம் அதிகம். அதனால் அதை வாரக்கணக்கில் வைக்காமல் ஓரிரு நாளிலேயே செய்துவிட வேண்டும்.

5. பொரி உருண்டைச் சுக்கு நீர்: இது கார்த்திகைக்கு. தீபம் முடிந்து மீந்த பொரி உருண்டை நமத்துப் போகும். சுக்கும் கொத்தமல்லி விதையும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்த நீரை வடிகட்டி, ஒரு கிண்ணத்தில் உள்ள பொரி உருண்டை மேல் ஊற்றுங்கள். வெல்லம் கரைந்து நீரில் இறங்கும். நீரைக் குடிக்கலாம், ஊறிய பொரியைக் கரண்டியால் சாப்பிடலாம். தனியாக இனிப்புச் சேர்க்காமலே சுக்குமல்லிக் காபி தயார்!

இந்த ஐந்துக்கும் பொதுவான ஒரு கட்டளை: மேற்கொண்டு சர்க்கரை போடாதீர்கள். பலகாரத்தில் இருப்பதே அதிகம். நாம் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இப்படிச் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. ஆகவே இந்தப் பானத்தைக் குடிக்கும் நாளில் அதுதான் உங்கள் இனிப்பு. வேறு பலகாரம் வேண்டாம். குடித்ததும் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். கடலை உருண்டையைக் கரைத்துப் பிறருக்குக் கொடுக்கும்போது, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எதைக் கரைக்கக் கூடாது?

பூஞ்சணம் பூத்தது எதுவானாலும் குப்பைக்குத்தான். மேலே சுரண்டி எறிந்துவிட்டு மீதியைக் கொதிக்க வைக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். கூடாது! பூஞ்சணத்தின் வேர் போன்ற இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

பால்கோவா, சந்திரகலா போல பாலும் கோவாவும் சேர்ந்த பலகாரங்கள் சீக்கிரம் கெடும். புளித்த வாடையோ, பிசுபிசுப்போ, நூல் போல இழுப்போ தெரிந்தால் தொடாதீர்கள். நெய், எண்ணெய்ப் பலகாரத்தில் சிக்கு வாடை அடித்தாலும் அப்படியே. கடையில் வாங்கியது என்றால் நாளைப் பாருங்கள். சில்லறையாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்ற விதியை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் கொண்டுவந்தது. அடுத்த முறை இனிப்புக் கடைக்குப் போனால் அப்படி எழுதிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் வந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். அவர்களுக்கும் சந்தேகம் என்றால் எறிந்துவிடுங்கள். வீணாக்கக் கூடாது என்பதற்காக வயிற்றைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

கடல் கடந்தும் இதே வேலை

பண்டிகைப் பலகாரத்தைச் சூடாகக் கரைப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. நம்மைப் போலவே அரிசி உண்பவர்கள் ஜப்பானியர்கள். புத்தாண்டுக்கு அவர்கள் ஒட்டும் அரிசியை இடித்து 'மொச்சி' என்ற உருண்டையான பலகாரம் செய்வார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டை அடுக்கி வீட்டில் வைப்பார்கள். நாளாக ஆக அது நம் பொருள்விளங்கா உருண்டை போல இறுகிவிடும். பெரும்பாலான இடங்களில் ஜனவரி 11-ஆம் தேதி அதைக் கையாலோ சுத்தியலாலோ உடைப்பார்கள். கத்தியால் வெட்டுவதில்லை. உடைத்த துண்டுகளைச் சிவப்புப் பயறு வேகவைத்த சூடான இனிப்புக் கஞ்சியில் போட்டு, குடும்பத்தோடு சாப்பிடுவார்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கு அது ஒரு திருநாள்.

மெக்சிகோ நாட்டில் சாக்லேட்டைக் கட்டியாகச் செய்து வைத்துக்கொள்வார்கள். அதைச் சூடான பாலிலோ தண்ணீரிலோ போட்டு, நீண்ட மரக்கம்பு ஒன்றை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி, நுரை பொங்கக் கடைவார்கள். பார்த்தால் நம் வீட்டு மத்துக்கு உறவு என்று சொல்லிவிடலாம். உங்கள் வீட்டில் பிறந்தநாளுக்கு வந்த சாக்லேட் மிஞ்சிக் கிடந்தால் நீங்களும் இப்படிச் செய்யலாம்.

இந்த ஆண்டு தீபாவளி முடிந்து ஒரு மழை நாள் வரட்டும். டப்பாவை இறக்குங்கள். நல்லது எது, கெட்டது எது என்று பிரியுங்கள். வெல்லமா, சர்க்கரையா என்று பாருங்கள். பிறகு டம்ளரை அடுக்குங்கள். வீட்டில் நாலு பேர் என்றால் ஐந்து டம்ளராக வையுங்கள். மழையில் நனைந்தபடி பால்காரரோ, தபால்காரரோ, பக்கத்து வீட்டுப் பாட்டியோ வரக்கூடும். இன்னும் ஒருவர் வந்தாலும் கவலை வேண்டாம். கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கரைத்தால் எல்லாருக்கும் வரும்.

யாராவது இரண்டு அதிரசத்தைப் புத்தகப் பையில் ஒளித்து வைத்திருந்தால், அதையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்!